அலெக்சாந்திரியாவுக்கு வியாபாரப் பயணம் போன தமிழர்கள்… தெரியுமா?

எகிப்து மன்னர்களின் கல்லறைச் சுவரில் தமிழன் ஒருவன் தன் பெயரைக் கிறுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான், தெரியுமா? ஒரு தடவை இல்லை. எட்டுத் தடவை!

ஆளின் பெயர் சிகை கொற்றன். இன்றைக்கு ஏறக்குறைய 1,800 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே, பாரோ மன்னர்களைப் பாறைக்குள் குடைந்து புதைத்த பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அங்கே ஐந்து கல்லறைகளுக்குள் புகுந்து புகுந்து எழுதியிருக்கிறான். ஓரிடத்தில் வெறும் பெயரோடு மனசு நிறையவில்லை போலும், கூடவே ‘வர கண்ட’ என்று சேர்த்திருக்கிறான். வந்தான், பார்த்தான். அவ்வளவுதான் செய்தி. எழுத்து தமிழி, அதாவது தமிழ் பிராமி.

கோயில் மண்டபத் தூணில் ஆணியால் பெயர் கீறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொற்றனைப் பற்றிப் படித்ததிலிருந்து கொஞ்சம் தயங்குகிறேன்.

இது பழைய செய்தியும் இல்லை. சார்லொட் ஷ்மித், இங்கோ ஸ்ட்ரவுக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2026 பிப்ரவரியில் சென்னைக் கருத்தரங்கில் இதை விவரித்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. ஆறு கல்லறைகளில் ஏறக்குறைய 30 இந்திய எழுத்துப் பொறிப்புகள். சமஸ்கிருதமும் பிராகிருதமும் உண்டு. ஆனால் அதிகம் தமிழ்தான்! ஜூல் பாயே என்ற பிரெஞ்சு அறிஞர் இதே கல்லறைகளில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறுக்கல்களைப் படியெடுத்து 1926-லேயே புத்தகமாக முடித்துவிட்டார். அவற்றுக்கு நடுவே நம்மாள் இன்னும் நூறு வருஷம் ஊர் பேர் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

கொற்றனைத் திட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். அதே லக்சர் பக்கம் மெம்னோன் என்று இரண்டு பிரமாண்டச் சிலைகள் உண்டு. விடியற்காலையில் அதில் ஒன்று பாடுகிறது என்று அந்தக் காலத்தில் பேச்சு. கி.பி. 130-இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியனே பாட்டுக் கேட்க வந்தார். கூட வந்த ஜூலியா பால்பில்லா என்ற அம்மையார் அந்தச் சிலையின் காலிலேயே கவிதைகளைப் பொறித்துவிட்டுப் போனார். பேரரசரின் பரிவாரமே சிலையின் காலில் எழுதலாம், கொற்றன் சுவரில் எழுதக் கூடாதா?

சரி, இந்த மனுஷனுக்கு எகிப்தில் என்ன வேலை? ஊர் சுற்றிப் பார்க்கவா அத்தனை கடல் தாண்டிப் போனான்? அங்கேதான் நம் காவிரிக்கும் இந்தக் கதைக்கும் முடிச்சு விழுகிறது.

நான் இதை எழுதுவது பாபநாசத்திலிருந்து. திருநெல்வேலிப் பாபநாசம் இல்லை, சினிமாப் பாபநாசமும் இல்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, 108 சிவாலயம் இருக்கிற, பாபநாசம் சிவனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாபநாசம். திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்னும் கம்பீரமாக நிற்கிறதே, அந்த ஊர். இங்கிருந்து வடக்கே கபிஸ்தலம் பக்கம் போனால் காவிரி. அதில் ஒரு தென்னை மட்டையைத் தூக்கிப் போட்டால், வழியில் எந்த மதகும் தடுக்காவிட்டால், எழுபது எண்பது கிலோமீட்டர் மிதந்து பூம்புகாரில் கடலைத் தொடும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே வரைபடம் போட்ட தாலமி, ‘கபேரிஸ்’ என்று ஒரு துறைமுகச் சந்தையைக் குறித்து வைத்தார். காவிரி என்று உச்சரித்துப் பாருங்கள், புரியும்!

பள்ளிக்கூடத்தில் யவனர்கள் வந்தார்கள், மிளகு வாங்கினார்கள், பொன் கொடுத்தார்கள் என்று படித்தோம். என்னவோ நாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தது போலவும், அவர்கள்தான் கப்பல் கட்டி வந்து கதவைத் தட்டியது போலவும். நம்மவர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள் என்பதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

போகும் வழி தெரியுமா? மார்கழி, தை மாதத்து வாடைக்காற்றில் பாய் விரித்தால் அரபிக்கடலைக் கடந்து செங்கடல். அங்கே பெரணிகே, மியோஸ் ஹோர்மோஸ் என்று எகிப்தின் இரண்டு துறைமுகங்கள். பெரணிகேயில் இறங்கினால் பாலைவனத்தில் ஒட்டகப் பயணம், 12 நாள். இது ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்த கணக்கு. வெயில் தாங்காது என்பதால் பெரும்பாலும் இரவில்தான் நடை. காப்டோஸ் என்ற நைல் கரை ஊரில் சரக்கைப் படகில் ஏற்றினால், ஆற்றோடு போய் மத்தியதரைக் கடல் ஓரத்து அலெக்சாந்திரியா. ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற நகரம். உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்று! காவிரி முகத்திலிருந்து கணக்குப் போட்டால், காற்று கைகொடுத்தாலும் குறைந்தது மூன்று மாதம்.

திரும்பி வருவது? அதுதான் வேடிக்கை. நினைத்த நேரம் வர முடியாது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கிளம்பும் வரை காத்துக் கிடக்க வேண்டும். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று டெல்டாக்காரன் வானத்தைப் பார்க்கிறானே, அந்தக் காற்றுதான். குடகு மலையில் மோதி மழையாகி, ஆடிப்பெருக்குக்கு நமக்குப் புதுப்புனல் கொண்டு வருகிற அதே காற்றுதான், செங்கடலில் முடங்கிக் கிடந்த வணிகனையும் ஊர் திருப்பியது. மாசி, பங்குனியில் போய்ச் சேர்ந்தவனுக்கு நடுவில் மூன்று நான்கு மாதம் சும்மா. காப்டோஸிலிருந்து மன்னர் கல்லறைகள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். வியாபாரத்துக்குப் போன இடத்தில் சரக்கு விற்றாயிற்று, காற்று வரவில்லை. கொற்றன் பள்ளத்தாக்குக்குப் போனது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரக்கின் மதிப்பைக் கேட்டால் தலை சுற்றும். வியன்னா நகரில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கிரேக்கத்தில் எழுதியது. 1985-இல் வெளியானபோது ஆய்வு உலகமே ஆடிப்போனது. ஒரு பக்கம், சேரர் துறைமுகமான முசிறிக்குப் போகும் பயணத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம். மறுபக்கம், ஹெர்மாபோலான் என்ற கப்பலில் வந்து இறங்கிய சரக்கின் கணக்கு. யானைத் தந்தம் இருக்கிறது. கங்கைக் கரையிலிருந்து வந்த சடாமாஞ்சில் என்ற வாசனைப் பொருள் மட்டும் 60 பெட்டி! கடைசியில் கூட்டுத்தொகை 1,154 தாலந்து, 2,852 திரம்மா. ஒரு தாலந்துக்கு 6,000 திரம்மா. பெருக்கிக் கூட்டினால் 69 லட்சத்துக்கும் மேல். ஒரே கப்பல்! கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ காலத்தில் மியோஸ் ஹோர்மோஸிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 120 கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பின.

அந்த ஒப்பந்தத்தை நம்மூர் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் படித்தால் சிரித்துக்கொள்வார். சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைப்பது, வழிக்குக் காவல் போடுவது, காப்டோஸில் அரசுக் கிடங்கில் இறக்கி முத்திரை வைப்பது, ஆற்றுப் படகில் ஏற்றுவது, அலெக்சாந்திரியாவில் மறுபடி கிடங்கு, மறுபடி முத்திரை. வரி எவ்வளவு தெரியுமா? நாலில் ஒரு பங்கு. 25 சதவீதம்! ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் புலம்புகிறவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கமும் லேசுப்பட்டதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறுகிற மூட்டை, இறங்குகிற மூட்டை எல்லாவற்றிலும் சோழனின் புலி முத்திரை குத்தி, சுங்கம் வாங்காமல் விடமாட்டார்கள் என்று பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். ஒரு வணிகனின் மூட்டையில் ஒரு முனையில் புலி, மறுமுனையில் ரோம முத்திரை. நடுவில் கடலும் பாலைவனமும்.

அலெக்சாந்திரியாவில் போய் இறங்கியவர்கள் பொழுதுக்கு என்ன செய்தார்கள்? நாடகம் பார்த்தார்கள்! டியோ கிறிசோஸ்தொம் என்ற கிரேக்கப் பேச்சாளர் அந்த நகரத்துக்காரர்களைப் பார்த்து ஒரு நீண்ட கண்டனச் சொற்பொழிவு ஆற்றினார். பாட்டும் குதிரைப் பந்தயமும் என்றால் உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது, கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்களே, வெட்கமில்லையா என்ற தோரணையில். அந்த வெளிநாட்டுக்காரர்களை வரிசையாகச் சொல்லும்போது, இந்தியர்கள் சிலரும் என்கிறார். எந்த ஊர் இந்தியர் என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. மத்தியதரைக் கடலோர நகரத்து அரங்கில், கூச்சலும் கைதட்டலுமாக இருக்கிற கூட்டத்தில், அவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்னும் கேளுங்கள். பெரணிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய தாழி ஒன்று கிடைத்தது. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு, அப்படியே! கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் பதப்படுத்திய உடலில் மூக்குத் துளைக்குள்ளேயே மிளகு மணிகள் இருந்தன. கொற்றனுக்கும் 1,200 ஆண்டு முன்னாலேயே மிளகு பாரோவின் மூக்கு வரை போய்விட்டது! பெரணிகேயில் 2022-இல் ஒரு புத்தர் சிலைகூடக் கிடைத்தது. ஓமானில் கோர் ரோரி என்ற இடத்துப் பானை ஓட்டில் ‘நந்தை கீரன்’ என்று ஒரு தமிழ்ப் பெயர். இவர்களெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகளோ.

பெரணிகேயில் 1995-இல் கிடைத்த ஒரு பானை ஓட்டிலும் நம் எழுத்து. அதில் வரும் பெயர் என்ன தெரியுமா? ‘கொற்றபூமான்’. இன்னொரு கொற்றன்! சிகை கொற்றனுக்குச் சொந்தக்காரன் என்று அவசரப்பட வேண்டாம். சங்க காலத்தில் கொற்றன் என்ற பெயர் நம் முருகேசன், செல்வராஜ் மாதிரி. கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இத்தனையிலும் என்னை அசைத்தது தந்தமும் இல்லை, தாலந்தும் இல்லை. ஒரு உடைந்த பானை ஓடு. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த இடத்துக்கு இப்போது குசெயிர் அல் கதீம் என்று பெயர். அங்கே 1970-களின் கடைசியில் தோண்டியபோது ‘கணன்’, ‘சாதன்’ என்று தமிழ்ப் பெயர் எழுதிய ஓடுகள் வந்தன. பிறகு பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டியதில் வந்த ஓட்டைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 2007-இல் படித்துச் சொன்னார்: ‘பானை உறி’. ஓட்டின் இரண்டு பக்கமும் அதே வார்த்தை. பெயர் இல்லை, பெருமை இல்லை. உறியில் தொங்கவிட்ட பானை. பூனை வாய் வைக்காமல் தயிரும் வெண்ணெயும் தொங்குமே, நம் பாட்டி வீட்டு அடுக்களையில், அந்த உறி. செங்கடல் ஓரம், சுற்றிலும் மணல், எலித் தொல்லை வேறு இருந்திருக்கும், யாரோ ஒருவர் கயிறு திரித்து உறி கட்டியிருக்கிறார். பானையில் எழுதியும் வைத்திருக்கிறார், வேறெங்கும் தூக்கிக்கொண்டு போய்விடாமல்.

உள்ளே என்ன இருந்திருக்கும்? அந்த இரண்டு துறைமுகங்களின் மண்ணையும் சலித்துப் பார்த்த தாவரவியல் ஆய்வாளர்களுக்கு அரிசி கிடைத்திருக்கிறது. பெரணிகேயில் பாசிப்பயறும் தேங்காயும்கூட! அரிசி எகிப்தியரின் அன்றாடச் சாப்பாடு இல்லை. அவர்களுக்குக் கோதுமையும் பார்லியும்தான். அப்படியானால் இந்த அரிசியைப் பொங்கித் தின்றவர்கள் யார்? கப்பலில் அரிசியோடு வந்து இறங்கியவர்களும், அங்கேயே தங்கிவிட்ட நம்மூர்க்காரர்களும் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாலு மாதம் காற்றுக்குக் காத்திருக்கிறவன் ரொட்டியைத் தின்று எத்தனை நாள் ஓட்டுவான்? ஒரு பிடிச் சோறு, ஒரு கரண்டிப் பாசிப்பயறு, மேலே கொஞ்சம் மிளகு. மிளகுக்குப் பஞ்சமே இல்லை, விற்கக் கொண்டு போனதே அதுதானே!

பாபநாசத்தைச் சுற்றி ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். லீவு முடிந்து திரும்புகிற அன்று திருச்சி விமான நிலையத்தில் நின்று பாருங்கள். எடை போடும் தராசில் பெட்டி ஏறும், இரண்டு கிலோ கூடுதல் என்று கவுண்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார். அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து, சட்டையை எடுத்து வெளியே போடுவார்கள், பவுடர் டப்பாவை எடுப்பார்கள், பிள்ளைக்கு வாங்கிய செருப்பைக் கூட வழியனுப்ப வந்த மச்சான் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அரிசிப் பையையும் பருப்புப் பொடியையும் மட்டும் எடுக்கவே மாட்டார்கள்.