போதை இல்லாத வைன் எங்கே கிடைக்கும்?

“வைன்தானே, பழச்சாறு மாதிரி. பிள்ளைகளுக்கும் ஒரு வாய் குடுக்கலாம்.”

நத்தார் காலத்தில் பதுளை, பண்டாரவளை, ஹாலி-எலப் பக்கத் தோட்டங்களில் இந்த வார்த்தையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சிறு வயதில் எனக்கும் அப்படி ஒரு கிளாஸ் கிடைத்தது. திராட்சை, சீனி, ஈஸ்ட், கொஞ்சம் கறுவா, கராம்பு. சாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்படியின் மூலையில் மூன்று கிழமை வைத்திருப்பார்கள். வீட்டில் அம்மாவோ பெரியம்மாவோ செய்தது, கடைச் சாராயம் அல்ல. ஆகவே அதில் போதை இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

உண்மை வேறு. சீனியை ஈஸ்ட் உண்ணும்போது உண்டாவது மதுசாரம். சாராயத்தில் இருப்பதும் அதுவே, கசிப்பில் இருப்பதும் அதுவே. மூன்று கிழமை நொதித்த வீட்டு வைனில் பியரில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு மதுசாரம் இருக்கக்கூடும். திராட்சைத் தோலிலேயே இயற்கையாக நொதி ஒட்டியிருப்பதால், ஈஸ்ட் போடாமல் வைத்தாலும் இது நடக்கும். “கொதிக்க வைத்தால் போய்விடும்” என்று சிலர் சொல்கிறார்கள். கால் மணி நேரம் கொதித்தாலும் ஒரு பகுதி தங்கியே நிற்கும்.

இந்த விடயத்தை எழுத வைத்தது ஒரு சகோதரியின் கேள்வி. பசறைப் பக்கத் தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின், அவர் மட்டும் நின்றார். கணவர் குடியை நிறுத்தி எட்டு மாதம். அடுத்த மாதம் மகளின் சடங்கு. சொந்தக்காரர்கள் வருவார்கள். போத்தல் வைக்காவிட்டால் கஞ்சத்தனம் என்பார்கள். வைத்தால் எட்டு மாதப் பாடு ஒரே இரவில் போய்விடும். “அக்கா, கிளாஸில ஊத்திக் குடுக்க மரியாதையா ஏதாவது இருக்கா? நெக்டோவை வச்சா சின்னப்புள்ளைக்குப் பொறந்த நாளானு கேட்டுச் சிரிப்பாங்க” என்றார்.

இதைச் சிறிய கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். தீபாவளி முற்பணம் கடனாகக் கைக்கு வந்து, மாதா மாதம் சம்பளத்தில் கழிபடும். அந்தக் காசில் எவ்வளவு பிள்ளையின் சட்டைக்கும் எவ்வளவு போத்தலுக்கும் போகிறது என்பது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். குடியை நிறுத்து என்று சொல்ல ஆட்கள் உண்டு. நிறுத்திய வீட்டில் விருந்தாளியின் கையில் எதைக் கொடுப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

முதலில் கடையில் கிடைப்பதைப் பார்ப்போம். போதையில்லாத வைன் என்று விற்பவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நொதிக்கவே விடாத திராட்சைச் சாறு. 1869 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் வைன்லாண்ட் என்னும் ஊரில், தோமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர் இதைச் செய்தார். அவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், மதுவை எதிர்த்தவர். தேவாலயத்தில் இராப்போசனத்துக்கு மதுவைப் பரிமாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சாற்றைப் போத்தலில் அடைத்துச் சூடாக்கி நொதியைக் கொன்றார். பாலைச் சூடாக்கிக் கெடாமல் காப்பதும் இதே முறைதான்.

மற்றையது, உண்மையான வைனைச் செய்து, பிறகு அதிலிருந்து மதுசாரத்தை மட்டும் பிரித்தெடுப்பது. ஜேர்மனியில் கார்ல் யுங் என்பவர் 1908 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மதுசாரம் சாதாரணமாக 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். அந்தச் சூட்டில் வைனின் மணமும் சுவையும் கெட்டுவிடும். காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்தில் வைத்தால் 30 பாகை அளவிலேயே மதுசாரம் ஆவியாகப் பிரியும், மணம் ஓரளவு மிஞ்சும். இன்று வெளிநாடுகளில் விற்கும் போதையற்ற வைன்களில் பெரும்பகுதி இந்த வழியின் திருத்திய வடிவங்களால் வருபவை.

இவற்றை வாங்குவோர் சுட்டுத்துண்டை வாசிக்க வேண்டும். ஜேர்மனியில் 0.5 சதவீதத்துக்குக் குறைவாக மதுசாரம் இருந்தால் ‘மதுசாரமற்றது’ என்று எழுத அனுமதி உண்டு. பிரித்தானியாவில் அந்தச் சொல்லுக்கு 0.05 சதவீதமே எல்லை. கர்ப்பிணிப் பெண்ணும், குடியை விட்டவரும் 0.0 என்று எழுதியிருப்பதையே எடுப்பது நல்லது. குடியை நிறுத்த வைத்தியர் தரும் டைசல்பிராம் என்ற மாத்திரையை உட்கொள்பவர் வீட்டு வைனை ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கக்கூடும். அப்படிப்பட்டவர் எந்தப் போத்தலையும் வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கையில் பெண்களுக்கு மதுசாரம் விற்கக்கூடாது என்று 1979 இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். கடையில் போத்தலை வாங்க முடியாதவள், அந்தப் போத்தலின் அடியை மட்டும் வாங்க வேண்டியவளாக இருந்தாள். போதையற்றதை வாங்க எந்தச் சட்டமும் தடையில்லை. ஆனால் கப்பலில் வந்த அந்தப் போத்தலின் விலை தோட்டச் சம்பளத்துக்கு எட்டாது.

ஆகவே நமது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே புத்தி. நொதிக்க விடாமல் சாற்றைக் காப்பாற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்த சகோதரிகளுக்குக் கருப்பநீர் தெரியும். பனையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சுண்ணாம்பு மட்டுமே வித்தியாசம். ஊவாவின் சிங்களக் கிராமங்களில் கித்துள் மரத்தின் புளிக்காத நீரைத் தெலிஜ்ஜ என்பார்கள். அதைக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும், விட்டு வைத்தால் கள். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் பெண்கள் இந்த இரண்டையும் அறிந்தவர்கள்.

யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறை வீதியிலுள்ள செபமாலை சபைக் கன்னியர் மடத்தில் ரொசெற்றோ என்னும் வைனோடு, மதுசாரம் இல்லாத திராட்சைச் சாறும் நெல்லிக் கிறஷும் செய்து விற்றதைப் பலர் அறிவர். வைனும் சாறும் ஒரே இடத்தில் இருப்பதால் கேட்டு வாங்க வேண்டும். நமது ஊவாவில் ஹப்புத்தளைக்கு அருகே அடிசம் பங்களா இருக்கிறது. 1931 இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டிய அந்த மாளிகை, 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். தோட்டத்துப் பழங்களில் ஜாம், ஜெலி, கோர்டியல் செய்து அங்கே விற்கிறார்கள். துரைமார் விருந்து வைத்த வீட்டில் இன்று கொய்யா ஜெலி விற்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் கோர்டியலைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் அந்தச் சகோதரியின் சொந்தக்காரர்கள் நெக்டோவைப் பார்த்ததுபோலத்தான் பார்ப்பார்கள். ஏன்? அதில் இனிப்பு மட்டும் உண்டு. வைனைக் குடிப்பவர் விரும்புவது இனிப்பை அல்ல. புளிப்பும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும், மெல்ல எழும் மணமும் சேர்ந்ததே அந்தச் சுவை. அதனால்தான் அதை ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்கிறார்கள். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்ற பொருளே துவர்ப்பைத் தருகிறது.

அதே துவர்ப்பு எங்கே இருக்கிறது? நாம் தினமும் கூடையில் சுமக்கும் கொழுந்தில்! யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி வரண்டு வீசும் காலத்தில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணத்துக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. அந்த உயர்ந்த தேயிலை ஏலத்துக்குப் போய்விட, லயத்துக்கு வருவது டஸ்ட். பரவாயில்லை. டஸ்டில் சாயமும் துவர்ப்பும் சீக்கிரம் இறங்கும். இந்த வேலைக்கு அதுவே நல்லது.

அந்தச் சகோதரிக்குச் சொன்ன முறை இது. அரைக் கிலோ கறுப்புத் திராட்சையை நன்றாகக் கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் வேக விடுங்கள். ஒரு துண்டுக் கறுவா, மூன்று கராம்பு, தட்டிய இஞ்சி சிறிதளவு அதிலேயே போடலாம். மசித்து, சுத்தமான துணியில் வடியுங்கள். விதையை அரைக்க வேண்டாம், கசக்கும். வேறாக இரண்டு கோப்பை கொதிநீரில் இரண்டு தேக்கரண்டி தேயிலைத் தூள் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்து ஆற விடுங்கள். நேரம் கூடினால் துவர்ப்பு கசப்பாகிவிடும். இரண்டையும் கலந்து, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டு, சுவைத்துப் பார்த்த பிறகே சீனி போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. சீனி கூடினால் திரும்பவும் சர்பத்தாகிவிடும். எட்டுச் சிறிய கிளாஸ் அளவு வரும். குளிர வைத்துக் கொடுங்கள்.

திராட்சை விலை ஏறும் காலத்தில் நெல்லிச் சாற்றிலோ பெஷன் ஃபுரூட்டிலோ செய்யலாம். அவற்றுக்குப் புளிப்பு இயல்பாகவே உண்டு, தேசிக்காய் வேண்டாம். நிறம் மட்டும் சிவப்பாக வராது. நான் செய்து பார்த்ததில் நெல்லியும் தேயிலையும் சேர்ந்தது கொஞ்சம் முரட்டுச் சுவை, இஞ்சி கூடுதலாகப் போட்டால் சரிவரும்.

இதைச் செய்த அன்றே குடித்து முடிக்க வேண்டும். குளிர்சாதனப்பெட்டி இருந்தால் அடுத்த நாள் வரை வைக்கலாம். வெளியே வைத்தால் காற்றிலும் பாத்திரத்திலும் உள்ள நொதி தன் வேலையைத் தொடங்கிவிடும். போதையில்லாதது என்று ஊற்றிக் கொடுத்தது போதையுள்ளதாக மாறும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் திராட்சைச் சாறு நல்லதல்ல, 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 15 கிராம் சீனி இயற்கையாகவே உண்டு. இரத்தச்சோகை உள்ள பெண்கள் தேயிலை கலந்த எதையும் சாப்பாட்டோடு குடிக்கக்கூடாது, அது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுப்பதைக் குறைக்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வைனோ பிரண்டியோ கொடுத்தால் இரத்தம் ஊறும் என்பது நம்மிடையே பழைய நம்பிக்கை. மதுசாரத்தால் இரத்தம் ஊறாது, தாய்ப்பாலோடு பிள்ளைக்கும் போகும். கீரை, பருப்பு, மீன் இவற்றோடு நெல்லிக்காயோ தேசிக்காயோ சேர்த்தால் இரும்பு உடலில் நன்றாக ஏறும். எந்த அளவு மதுசாரமும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளிப்படையாகவே கூறியது.

வடக்குக் கிழக்கில் கணவனை இழந்து, நெல்லி ரசமும் தோடம்பழ ரசமும் போத்தலில் அடைத்துப் பிழைக்கும் சகோதரிகள் இதை வாசித்து, தாங்களும் செய்து விற்கலாமே என்று யோசிக்கக்கூடும். விற்பதற்கு மேலே சொன்ன முறை போதாது. போத்தலைக் கொதிநீரில் கிருமி நீக்கி, சாற்றைச் சூடாகவே நிரப்பி, உடனே மூட வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பனைக்குரிய உணவுக்கெல்லாம் பொருந்தும். முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசுங்கள். ‘வைன்’ என்ற பெயரை ஒட்டுவதற்கு முன்பும் அவரிடம் கேளுங்கள். அந்தச் சொல்லால் வரும் கரைச்சல் வேறு.

பசறைச் சகோதரியிடம் நான் சொன்ன முக்கியமான விடயம் முறைக்கு வெளியே இருந்தது. குடியை நிறுத்தியவருக்கு அந்த நிறமும் கிளாஸும் மணமுமே ஆசையைக் கிளப்பிவிடக்கூடும். விருந்தாளிக்கு எது நல்லது என்று யோசிப்பதற்கு முன், கணவரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். சிவப்பாக எதுவும் தன் கைக்கு வேண்டாம், இஞ்சியும் தேசிக்காயும் போட்ட பிளேன்ரீ போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

சடங்கு நடந்தது. திராட்சையும் தேயிலையும் கலந்ததை நான்கு தடவை செய்தார்களாம். மூத்த மாமா ஒருவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டு, வெளியே போய்த் தன் பையிலிருந்ததைக் குடித்துவிட்டு வந்தார். மற்றவர்கள் சிலர் இரண்டாம் கிளாஸ் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள், சண்டை ஒன்றும் இல்லை. மிஞ்சியிருந்த அரைப் போத்தலை அவர் மூடி வைத்திருக்கிறார். அடுத்த நாள் பின்னேரம் மலையிலிருந்து வந்து திறந்தபோது மூடி ‘புஸ்’ என்றது. வாசலில் நின்ற ரோசாச் செடியின் அடியில் ஊற்றிவிட்டு, போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாராம்.