பரங்கிப்பேட்டை: கழிமுகச் சுற்றுலாவும் உணவும்

பரங்கிப்பேட்டை கடலூர் மாவட்டத்தில், புவனகிரிக்குக் கிழக்கே, வெள்ளாறு வங்காள விரிகுடாவில் கலக்கும் இடத்தில் உள்ள கடலோரப் பேரூர் ஆகும். கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. இப்பகுதியில் பயணிகள் காணும் இடங்களும் உண்ணும் உணவும் பெரும்பாலும் கழிமுகத்தைச் சார்ந்தவை. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் நீர்ப்பரப்பே கழிமுகம் எனப்படும்.

வரலாறு

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கு வணிகத்துக்காகக் குடியேறினர். ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’ என்ற சொல்லிலிருந்து ஊரின் பெயர் அமைந்தது. போர்ட்டோ நோவோ, முகமது பந்தர் ஆகியவை இதன் பிற பெயர்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பின்னர் இங்கு வணிகம் செய்தனர். 1781 சூலை 1 அன்று ஐதர் அலியின் படைக்கும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படைக்கும் இவ்வூரின் அருகே நடந்த போரில் ஆங்கிலேயர் வென்றனர். 19ஆம் நூற்றாண்டில் சோசையா மார்சல் ஈத் என்பவர் சேலம் பகுதியின் இரும்புத் தாதுவைக் கொண்டு இங்கு இரும்பாலை நடத்தினார். ஆலையும் பழைய துறைமுகமும் மறைந்துவிட்டன. மீன்பிடித் தொழில் மட்டும் தொடர்கிறது.

பார்க்க வேண்டிய இடங்கள்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் கரையில் இயங்குகிறது. இங்குள்ள அருங்காட்சியகத்தில் கடல் உயிரினங்கள் பதப்படுத்தி வைக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் குழுவாக வருவதாயின் முன்கூட்டியே அனுமதி பெறுவது நல்லது. கிரியா பாபாஜி பிறந்த இடமாக அவருடைய அடியார்கள் கருதும் இடத்தில் ஒரு கோயில் உள்ளது. ஊரில் பழைய பள்ளிவாசல்களும் தர்காக்களும் உண்டு. வடக்கே சாமியார்பேட்டைக் கடற்கரை உள்ளது. ஆற்று முகத்துவாரத்தின் அருகே நீரோட்டம் வலுவாக இருக்கும் என்பதால் அங்குக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

தெற்கே கிள்ளையில் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். அப்போது அங்குள்ள தர்காவின் சார்பில் முசுலிம்கள் பெருமாளுக்கு வரவேற்பு அளிப்பது நெடுங்கால வழக்கம்.

பிச்சாவரம் அலையாத்திக் காடு

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கிள்ளையை அடுத்து, ஏறத்தாழ 1,100 எக்டேரில் பிச்சாவரம் அலையாத்திக் காடு பரவியுள்ளது. வாய்க்கால்களின் வழியே துடுப்புப் படகிலும் இயந்திரப் படகிலும் செல்லலாம். சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் இங்கு வளர்கின்றன. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை இம்மரத்தால் வந்ததே. தில்லையின் பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும். ஆகவே கிளைகளை ஒடிக்கக் கூடாது.

முன்பு இக்காட்டின் பகுதிகள் விறகுக்காக மொத்தமாக வெட்டப்பட்டன. நிழல் இழந்த மண் காய்ந்து தாழ்ந்தது. அப்பள்ளங்களில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியதால் உப்பு மிகுந்து, புதிய கன்றுகள் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிளை வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து திரும்ப வழி செய்தன. அதன் பின் கன்றுகள் நடப்பட்டுக் காடு மீண்டது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அலையாத்திக் காட்டின் பின்புறம் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

உணவு

இறால், நண்டு, மடவை, கொடுவா ஆகியவை கழிமுகத்தில் கிடைக்கும் முக்கிய உணவு வகைகள். இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் அலையாத்தி வேர்களின் இடையே ஒதுங்கி வளர்கின்றன. காடு அழிந்தால் வலையில் விழும் மீனும் குறையும். பிச்சாவரம் பகுதி இருளர்கள் நீரில் இறங்கிக் கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். அன்னங்கோயில், முடசலோடை ஆகிய மீன் இறங்குதளங்களில் காலையில் மீன் ஏலத்தைக் காணலாம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் பெரிய கடல் மீன்களின் வரத்து குறையும். சிறு படகுகள் கொண்டுவரும் மீனே சந்தைக்கு வரும். முசுலிம்கள் மிகுதியாக வாழும் ஊர் என்பதால் பிரியாணியும், ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சியும் இங்கு இயல்பான உணவுகள். சைவ உணவை விரும்புவோர் சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் உண்ணலாம். மிளகும் சீரகமும் சேர்த்த சம்பா சாதம் நடராசர் கோயில் நிவேதனங்களுள் ஒன்று.

செல்லும் வழி

கடலூர்–சிதம்பரம் சாலையில் பு. முட்லூரிலிருந்து கிழக்கே பிரியும் சாலை பரங்கிப்பேட்டையை அடைகிறது. விழுப்புரம்–மயிலாடுதுறை இருப்புப்பாதையில் பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய நிலையங்கள் உள்ளன. பிச்சாவரத்துக்குச் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பேருந்தில் செல்லலாம். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. படகில் செல்வோர் நெகிழிப் பொருட்களை நீரில் எறியாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். வாய்க்கால் அடைபட்டால் ஓதநீரின் வழியும் அடைபடும்.