மதத்தில் எது அவசியம்? யார் சொல்வது?

மதச் சுதந்திரம் நம் அடிப்படை உரிமைன்னு பள்ளியிலேயே படிச்சிருப்போம். அரசியலமைப்பின் 25-வது பிரிவை முழுசா வாசிச்சா அதன் எல்லைகளும் தெரியும்: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், பிற அடிப்படை உரிமைகள். மதத்தோடு ஒட்டி நடக்கும் பணம், நிர்வாகம் போன்றவற்றையும் அரசு ஒழுங்குபடுத்தலாம். அப்படின்னா மதம் எங்கே முடியுது? கோடு போடுவது யார்?

இதற்கு முதல் பெரிய பதில், 1954-இல் வந்த சிரூர் மடம் வழக்கின் தீர்ப்பு. உடுப்பி அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. மாநில அரசின் 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை மடாதிபதி எதிர்த்தார். மதம் வெறும் நம்பிக்கை மட்டுமல்ல, சடங்குகளும் அதில் சேர்த்தி. எது அவசியமான பகுதி என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே பார்க்கணும் என்றது உச்ச நீதிமன்றம். அதிகாரிகள் மடத்துக்குள் தடையின்றி நுழைய அனுமதித்த பிரிவு உட்படச் சில பிரிவுகள் செல்லாமல் போயின.

மதத்தைக் காப்பாற்ற வந்த அந்த ‘அவசியம்’ என்ற சொல்தான் பிறகு மதத்தை அளக்கும் கோலாக மாறியது. 1983-இல் ஆனந்த மார்க்கத்தின் தாண்டவ ஊர்வல வழக்கு. அமைப்பு தொடங்கியது 1955-இல், தாண்டவம் விதிக்கப்பட்டது 1966-இல். ஆகவே அது அவசியமில்லை என்று தீர்ப்பு. நிறுவனரே பின்னாளில் சேர்த்தது மதத்தில் சேராதா? கத்தியும் மண்டையோடும் ஏந்தித் தெருவில் ஆடுவதைத் தடுக்கப் பொது ஒழுங்கு என்ற காரணமே போதுமே!

இன்னொரு வழியும் இருக்கு. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனா பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்குதா என்பது கேள்வியல்ல, மனசாட்சிப்படி உண்மையாகக் கொண்டதா என்பதே கேள்வி என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி.

வித்தியாசம் பெரிசு. முதல் வழியில் நீதிபதி சாஸ்திரம் படிச்சு மதத்துக்குள்ளேயே தீர்ப்புச் சொல்றார். இரண்டாவதில், தடுப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கான்னு அரசைக் கேட்கிறார். தீண்டாமையும் பாகுபாடும் ஒரு மதத்துக்கு ‘அவசியம்’ என்றே வைத்துக்கொண்டாலும், அவற்றை நிறுத்தச் சமத்துவ உரிமை இருக்கு. அதுக்கு நீதிமன்றம் குருபீடம் ஆக வேண்டியதில்லை.