111-ஆம் வாயிலில் விசாரிக்கவும்

ஒரு கணிப்பொறிக்கு எத்தனை வாயில்கள் உண்டு என்று உங்களால் ஊகிக்க முடியுமா? கம்பிகளைச் செருகும் துளைகளை இங்கே குறிப்பிடவில்லை. பிணையத்தின் வழியே வரும் செய்தி எந்த நிரலுக்கு உரியது என்று காட்டும் எண்ணைத்தான் வாயில் என்கிறோம். பொறியாளர்கள் இதனைப் 'போர்ட்' என்பர். இந்த எண்ணை எழுத 16 பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே 0 முதல் 65,535 வரை வாயில் எண்கள் அமையலாம்.

இனி ஒரு சிக்கலைப் பார்ப்போம். ஒரு கணிப்பொறியில் ஓடும் நிரல், வேறொரு கணிப்பொறியில் உள்ள செயலைத் தன்னுடையது போலவே அழைத்துப் பயன்படுத்தலாம். இதற்குத் தொலைச் செயல் அழைப்பு, சுருக்கமாக ஆர்.பி.சி., என்று பெயர். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களில் இம்முறையைக் கொண்டு என்.எஃப்.எஸ். என்னும் கோப்புப் பகிர்வு முறையை அமைத்தது. அடுத்த அறையிலுள்ள கணிப்பொறியின் கோப்பை நம் கணிப்பொறியிலேயே இருப்பதுபோல் இதில் திறக்கலாம். இவ்வாறு பணி செய்யும் ஒவ்வொரு நிரலுக்கும் 32 பிட் நீளமுள்ள நிரல் எண் ஒன்று உண்டு. 32 பிட்டில் ஏறத்தாழ 429 கோடி எண்களை எழுதலாம். வாயில்களோ 65 ஆயிரத்துச் சொச்சம்! ஒவ்வொரு பணிக்கும் நிலையான வாயிலை ஒதுக்கினால் கட்டுப்படியாகுமா?

எனவே பொறியாளர்கள் வேறு வழி கண்டனர். எந்தப் பணியும் தொடங்கும்போது கையில் கிடைத்த காலி வாயிலில் அமர்ந்துகொள்ளட்டும். அமர்ந்த இடத்தை ஒருவரிடம் பதிவு செய்தால் போதும். அந்த ஒருவர் மட்டும் இடம் மாறக்கூடாது. அவருக்கு வாயில் எண் 111. நிரல் எண் 100000. முதலில் 'போர்ட்மேப்பர்' என்று அழைக்கப்பட்ட இந்த நிரலின் விதிகள் 1988-இல் வெளியான ஆவணத்தில் உள்ளன. 1995-இல் விரிவாக்கப்பட்ட வடிவமே 'ஆர்.பி.சி.பைண்ட்'.

நம் ஊர்ப் பெரிய மருத்துவமனையின் விசாரணைச் சாளரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "கண் மருத்துவர் இன்று எந்த அறையில்?" என்று கேட்டால் அறை எண்ணைச் சொல்வார்கள். அங்கே நடந்துபோவது உங்கள் வேலை. இதுவும் அப்படியே. "நிரல் 100005, மூன்றாம் பதிப்பு, எங்கே?" என்று கேட்டால் வாயிலைச் சொல்லும். பிறகு நடக்கும் பேச்சில் அது தலையிடாது.

விடை வரும் வடிவம் வேடிக்கையானது. பழைய முறையில் வாயில் எண் மட்டும் வந்தது. புதிய முறையில் கணிப்பொறியின் முகவரியோடு, வாயில் எண்ணும் இரு துண்டுகளாக வரும். 256-ஆல் வகுத்த ஈவு முதல் துண்டு; மீதி இரண்டாவது. என்.எஃப்.எஸ்.-இன் வாயில் 2049. அதனை 256-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 1. ஆகவே 192.168.1.5 என்ற முகவரியில் அது இருந்தால் விடை 192.168.1.5.8.1 என்று வரும். 801-ஆம் வாயிலுக்கு என்ன வரும்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த விசாரணைச் சாளரத்துக்கு ஒரு குறையும் உண்டு. கேட்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை. "உன்னிடம் உள்ள பட்டியல் முழுவதையும் கொடு" என்றும் அதனிடம் கேட்கலாம்; கொடுத்துவிடும். எல்லோரும் அறிமுகமானவர்களாக இருந்த சிறு பிணையங்களில் இது குற்றமாகத் தெரியவில்லை. உலகம் முழுவதும் இணைந்த பின் நிலைமை மாறியது. நீங்கள் பிடிக்காத ஒருவருடைய முகவரியிட்டு நூறு கடைகளுக்கு அஞ்சலட்டை போட்டு, "விலைப்பட்டியல் அனுப்புக" என்று எழுதினால் என்ன ஆகும்? அவர் வீட்டில் பட்டியல் மூட்டை குவியும். 2015-இல் இதே உத்தியைக் கொண்டு தாக்குதல்கள் நடந்தன. 68 பைட் அளவுள்ள கேள்விக்கு அதைப்போல் 28 மடங்கு வரை பெரிய விடை, கேட்காதவர் தலையில் விழுந்தது. எனவே வெளியுலகிலிருந்து 111-ஆம் வாயிலுக்கு வரும் செய்திகளைத் தடுத்துவிடுவதே முறை. என் கருத்தில், தேவையில்லாத கணிப்பொறியில் இந்நிரலை நிறுத்திவைப்பது இன்னும் நல்லது.

என்.எஃப்.எஸ்.-இன் நான்காம் பதிப்பு இச்சிக்கலுக்கு வேறு விடை கண்டது. எல்லாப் பணியையும் 2049 என்ற ஒரே வாயிலில் முடித்துக்கொள்வதால் அதற்கு விசாரணையே தேவையில்லை. மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்தும் இடங்களில் இன்றும் இது வேண்டும்.

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் லினக்ஸ் இருந்து, இந்நிரலும் ஓடிக்கொண்டிருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு 'ஆர்.பி.சி.இன்ஃபோ' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பதிவான பணிகளின் பட்டியல் திரையில் வரும். அதில் 100000 என்ற எண்ணையும் காண்பீர்கள். விசாரணை அதிகாரி தம் பெயரையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்!