மலைக்கு முன்னே ஏறவேண்டிய படிகள்

மன்னாரின் மணல்வெளியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஊரில் மிக உயர்ந்த இடம் எது என்று எம் பிள்ளைகளைக் கேட்டால், பாடசாலையின் மேல்மாடி என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட குடும்பத்திலே, 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஓரிரவு, உணவுக்குப்பின் கூடியிருந்த வேளையில், "வருகிற மாசியில் எல்லோருமாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறிப் பார்த்தால் என்ன?" என்று சித்தப்பா கேட்டார். மூன்று வீடுகள், பதினொரு பேர். மூத்தவர் 64 வயது மாமி, இளையவள் 9 வயதுச் சிறுமி. "ஏறலாம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். எப்படி ஏறுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடிய மாதங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். மலையை நாம் ஓரிரவில் ஏறினோம்; ஆனால் அதை ஏறும் தகுதியை எமது முற்றத்திலும் தெருவிலும்தான் தேடிக்கொண்டோம்.

மலையின் பெருமை

சிவனொளிபாத மலையின் உயரம் 2243 மீட்டர். 2524 மீட்டர் உயர்ந்த பிதுருதலாகலைக்கு அது தாழ்ந்ததே. ஆயினும் இலங்கையில் இத்தனை காலமாக, இத்தனை சமயத்தவரால் போற்றப்படும் மலை வேறில்லை. உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தரின் அடி என்பர். இந்துக்கள் சிவபெருமானின் பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதி பிதா ஆதமின் காலடி என்பர். புனித தோமையாரின் சுவடு என்று கூறும் கிறிஸ்தவ மரபும் உண்டு. 1344ஆம் ஆண்டில் இபுன் பதூதா என்ற மொரோக்கோப் பயணி இதில் ஏறிப் பார்த்து எழுதிவைத்தார். அதே நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த மரிஞ்ஞோலி என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவியும் இம்மலையைத் தம் குறிப்புகளில் வருணித்துள்ளார்.

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அதன்பின் தென்மேல் பருவமழை வந்துவிடும். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை நீண்டது. ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து ஏறுவதே பலரும் மேற்கொள்ளும் வழி. இங்கிருந்து உச்சி வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறவேண்டிய செங்குத்து உயரம் ஏறக்குறைய 1000 மீட்டர். குடும்பமாகச் செல்வோர் ஏறுவதற்கு மட்டும் நான்கைந்து மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

வைத்தியரின் வாசலில்

எமக்கு அறிமுகமான வைத்தியரிடம் பெரியவர்கள் அறுவரும் சென்றோம். இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் யாவும் சோதிக்கப்பட்டன. மாமிக்கு இரத்த அழுத்தம் உண்டென்பது தெரிந்ததே. மருந்தைத் தவறாமல் எடுத்து, படிப்படியாகப் பழகினால் அவர் ஏறலாம் என்றார் வைத்தியர். சித்தப்பாவின் முறை வந்தது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஏதேனும் இறுக்கம் உண்டா என்று கேட்டார். "சில வேளைகளில் உண்டு. வாயுத் தொல்லைதான்; சற்று உட்கார்ந்தால் போய்விடும்" என்றார் சித்தப்பா சிரித்துக்கொண்டே. வைத்தியர் சிரிக்கவில்லை.

மேற்பரிசோதனைகளில், இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளமொன்று ஒடுங்கியிருப்பது தெரியவந்தது. நடக்கும்போது வந்து, நின்றால் மறையும் நெஞ்சு இறுக்கம் இதயம் விடுக்கும் எச்சரிக்கை. அதை வாயு என்று எண்ணிக் கஷாயம் குடித்துக் காலங்கடத்துவோர் எத்தனை பேர்! மருந்து கொடுத்த வைத்தியர், சமதரையில் மெதுவாக நடக்கலாம், மலை இவ்வருடம் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அன்றிரவு எமது வீட்டில் பேச்சே எழவில்லை. ஆசையை மூட்டியவரை விட்டுவிட்டு நாம் மட்டும் செல்வதா? பயணத்தைக் கைவிடுவோம் என்று சிலர் சொன்னபோது சித்தப்பா குறுக்கிட்டார். "எனக்காக நீங்கள் நின்றுவிட்டால் அந்தப் பாரத்தை நான் எப்படிச் சுமப்பேன்? மலை என் உயிரைக் காப்பாற்றிவிட்டது. ஏற நினைத்திராவிட்டால் வைத்தியரிடம் போயிருப்பேனா? நீங்கள் ஏறுங்கள், கணக்கை நான் எழுதுகிறேன்" என்றார். மறுநாளே ஒரு கொப்பியை வாங்கிப் பதினொரு பெயர்களையும் அதில் எழுதினார்.

வீட்டிலே தொடங்கிய ஏற்றம்

முதல் இரு வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட நடை. பின்னர் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினோம். அதற்குமேல் அவசரப்படவில்லை. நுரையீரலும் இதயமும் விரைவில் பழகிவிடும். மூட்டுகளும் தசைநார்களும் பழக அதிக காலம் வேண்டும். இதை அறியாமல் முதல் வாரமே பாய்ந்தோடுவோர், இரண்டாம் வாரம் காலில் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

வேகத்தை அளக்க எமக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. மாமி ஜெபமாலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். அருள்நிறை மந்திரம் பாதியில் மூச்சுக்குத் தடைப்பட்டால், அனைவரும் வேகத்தைக் குறைப்போம்.

மலையில்லாத ஊரில் மலைக்குப் பழகுவது எப்படி? கடற்கரையின் இளமணல் கைகொடுத்தது. கெட்டியான தெருவில் நடப்பதைவிட அதில் நடக்கக் கால்கள் கூடுதலாக உழைக்கவேண்டும். அனுமதி பெற்று, பாடசாலையின் இருபது படிகளிலும் ஏறி இறங்கினோம். முதலில் பத்துச் சுற்று. மாசியில் ஐம்பது சுற்று, அதாவது ஏறுவதற்கு ஆயிரம் படி, இறங்குவதற்கு ஆயிரம் படி.

இறங்கிப் பழகுவதும் அவசியமே. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கின்றன. பழகாத தசையில் இது நுண்ணிய கிழிவுகளை உண்டாக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் நோவு உச்சமாகும். முன்கூட்டியே சிறிது சிறிதாக இறங்கிப் பழகிய கால்களுக்கு அத்துன்பம் குறைவு.

எமது மருமகன் ஒருவன், வயது 22, பயிற்சிக்கு வரவில்லை. "நான் பந்தடிக்கிறவன் மாமா, எனக்கு நடைப்பயிற்சி எதற்கு?" என்றான். சித்தப்பாவின் கொப்பியில் அவனது வரிசை வெறுமையாகவே கிடந்தது. சித்தப்பாவின் சொந்த வரிசையோ ஒருநாள்கூட விடுபடவில்லை: சமதரையில், மெதுவாக, காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம்.

அந்த இரவு

பௌர்ணமியிலும் வார இறுதியிலும் நெரிசல் மிகும் என்பதால், 2024 பெப்ரவரியில் ஒரு வாரநாளைத் தெரிந்துகொண்டோம். கொழும்பிலிருந்து ஹட்டன் வரை புகையிரதம், அங்கிருந்து பேருந்து. சித்தப்பாவும் உடன் வந்து நல்லதண்ணியில் தங்கினார். இரவு பதினொரு மணிக்கு எம்மை வழியனுப்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "மாமியை முன்னே விடுங்கள்."

அதன் பொருளை வழியில் உணர்ந்தோம். பலவீனமானவர் பின்னால் வந்தால், முன்னே சென்றோர் அவருக்காக நின்று இளைப்பாறுவார்கள்; அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி புறப்படுவார்கள். இளைப்பாறுதல் யாருக்குத் தேவையோ அவருக்கே அது கிடைப்பதில்லை. அவர் முன்னே நடந்தாலோ, எல்லோருக்கும் ஒரே நடை, ஒரே ஓய்வு. நாற்பது நிமிடத்துக்கொருமுறை நின்று சிறிது நீரும் பேரீச்சம்பழமும் உட்கொண்டோம். இறங்கி வருவோர் "கருணாவயி" என்று சிங்களத்தில் வாழ்த்தினர். கருணை என்ற சொல் எமக்கும் சொந்தமானதால், பதில் சொல்ல மொழி தடையாகவில்லை.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். அக்கணக்கின்படி மன்னாரைவிட உச்சியில் 14 முதல் 15 பாகை வரை குளிர் கூடுதல். வியர்வையில் நனைந்த உடையில் மலைக்காற்றுப் பட்டால் குளிர் இரட்டிப்பாகும். ஆகவே உலர்ந்த மேலாடையை ஒவ்வொருவரும் பையில் வைத்திருந்தோம். ஓடி ஏறிய மருமகன் எமக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மேலே சேர்ந்துவிட்டான். நாம் சென்றபோது, நனைந்த சட்டையுடன் ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

விடியற்காலையில் கிழக்குச் சிவந்தது. சூரியன் எழுந்ததும், மேற்கேயுள்ள பனிமூட்டத்தின்மேல் மலையின் நிழல் முக்கோணமாய் விழுந்தது. எத்தனையாவது முறை ஏறினோமோ, அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். மாமி ஒருமுறை அடித்தார். "சித்தப்பாவுக்காக இன்னொன்று அடியுங்கள்" என்றாள் சிறுமி. "வேண்டாம் பிள்ளை, அது அவர் வந்து அடிக்கவேண்டியது" என்று கையை எடுத்துக்கொண்டார் மாமி.

இறங்கும்போது மருமகனின் முழங்கால்கள் வெடவெடத்தன. ஒன்றும் பேசாமல் அவனுடைய பையை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டவர் யாரென்று நினைக்கிறீர்கள்? 64 வயது மாமிதான்.

புறப்பட எண்ணும் குடும்பங்களுக்கு

மூன்று மாதமேனும் முன்னதாக ஆயத்தம் செய்யுங்கள். நாற்பதைக் கடந்தவர்கள் முதலில் வைத்தியரிடம் செல்லுங்கள். புதுச் சப்பாத்துடன் மலைக்குச் செல்லவேண்டாம். வீட்டிலேயே அணிந்து பழகுங்கள். சர்க்கரை நோயாளர் மருந்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிந்து, இனிப்பையும் கையில் வைத்திருங்கள். ஆஸ்துமா உள்ளவர் மருந்தை மறக்கவேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ, நின்றபின்னும் அடங்காத மூச்சுத்திணறலோ, தலைச்சுற்றோ வந்தால் உடனே நின்று உதவி தேடுங்கள், உச்சியை மறந்துவிடுங்கள். மலை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

நாம் கீழே வந்தபோது சித்தப்பா வாசலில் காத்திருந்தார். ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, பதினொருவரில் பத்துப் பேருக்கும் கொப்பியில் அடையாளமிட்டார். தம் பெயருக்கு நேரே இருந்த வரிசையைக் கூட்டி, "தரையில் 112 நாள்" என்று எழுதினார். பின்பு அடுத்த பக்கத்தைத் திருப்பி, மறுபடியும் பதினொரு பெயர்களை எழுதத் தொடங்கினார்.