உங்களுக்குத் தெரியுமா? ஓக்கும் ஹிக்கரியும் ஆளும் மேட்டுக்காடு

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களின் ஓசார்க் குன்றுகளிலிருந்து அப்பலாச்சியன் மலைச்சரிவுகள் வரை ஓக்கும் ஹிக்கரியும் கலந்து வளரும் காடுகள் பரந்து கிடக்கின்றன. மண் ஆழமில்லாத, தண்ணீர் தங்காத மேடுகளிலும் இந்த மரங்கள் சளைக்காமல் வளரும். அங்கிருந்து சில செய்திகள்:

● வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே பருவத்தில் முற்றி, இலையுதிர்காலத்தில் விழுந்த சூட்டோடு முளைத்துவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டை முற்ற இரண்டு பருவங்கள் ஆகும். விழுந்த பிறகும் குளிர்காலம் கழிந்தால்தான் முளைவிடும். சாம்பல் அணில் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சிவப்பு ஓக் கொட்டையை அப்படியே புதைத்துச் சேமிக்கும். வெள்ளை ஓக் கொட்டையைப் பெரும்பாலும் அங்கேயே தின்றுவிடும். புதைப்பதானால், கூர்முனையைக் கடித்து முளைக்கருவைப் பெயர்த்த பிறகே மண்ணுக்குள் தள்ளும். முளைக்காத கொட்டைதானே சேமிப்புக்கு உதவும்!

● ஓக் மரங்கள் எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் பேருக்குக் காய்த்துவிட்டு, ஓராண்டு வட்டாரமே சேர்ந்து கொட்டித் தீர்க்கும். மானும் எலியும் காட்டு வான்கோழியும் தின்றது போக மிஞ்சுவதுதான் முளைக்கும்.

● அந்த அமோக விளைச்சலுக்கு ஒரு பின்விளைவும் உண்டு. நியூயார்க் மாநில ஓக் காடுகளில், கொட்டை மிகுந்த ஆண்டுக்கு அடுத்த கோடையில் வெண்கால் எலிகள் பெருகும். அவற்றின் இரத்தத்தைக் குடிக்கும் உண்ணிக் குஞ்சுகளுக்கு லைம் நோய்க் கிருமி தொற்றும். அதற்கும் அடுத்த ஆண்டு அவை மனிதரைக் கடிக்கும். அதேசமயம், ஓக் மரங்களை மொட்டையடிக்கும் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களைத் தின்று தீர்ப்பதும் இதே எலிதான்.

● கனமான கொட்டை மேட்டில் ஏறுவது எப்படி? நீல ஜே பறவை தொண்டையிலும் அலகிலும் அடைத்துக்கொண்டு பறக்கும். வர்ஜீனியாவின் பிளாக்ஸ்பர்க்கில் ஓர் ஓக் தோப்பை ஆராய்ந்து 1981இல் வெளியான ஆய்வின்படி, ஒரே பருவத்தில் ஜே பறவைகள் 1,33,000 கொட்டைகளை எடுத்துப்போய்ப் புதைத்தன. மொத்த விளைச்சலில் அது பாதிக்கும் மேல். சராசரித் தொலைவு 1.1 கிலோமீட்டர்.

● ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை நீளநீளமான கீற்றுகளாகப் பிளந்து, இருமுனையும் மரத்தை விட்டு விலகி, நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கிலும் அழிவின் விளிம்பிலுள்ள இந்தியானா வௌவால் கோடையில் குட்டிகளை வளர்க்கிறது.

● விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக் ஏன்? அதன் நீர்க்குழாய்கள் வயதாக ஆக உள்ளுக்குள் அடைத்துக்கொள்ளும், திரவம் கசியாது. சிவப்பு ஓக்கில் குழாய்கள் திறந்தே இருக்கும். அதன் கட்டை ஒன்றின் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி கிளம்பும்!

● மரங்கள் துளிர்க்கும் முன்பே மே ஆப்பிள் செடி குடை விரித்தாற்போல் தரையை மூடும். ஒற்றை இலைச் செடி பூக்காது. இரண்டு இலை விட்டால்தான் அவற்றின் கவட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பூ வரும். பழுத்த பழத்தைப் பெட்டி ஆமை தின்று விதையைப் பரப்பும். மற்ற பாகங்கள் நஞ்சு. இந்தச் செடியிலும் இதன் இமயமலை உறவுச்செடியிலும் உள்ள வேதிப்பொருளிலிருந்துதான் எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து உருவானது.

● பிளட்ரூட் செடியின் விதையில் கொழுப்பு நிறைந்த ஒரு சதைப்பற்று ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துச் செல்லும். சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் தள்ளும். வளமான அந்த மண்ணில் விதை முளைக்கும்.

● அப்பலாச்சியனில் ஒருகாலத்தில் ஓக்குக்குச் சரிசமமாக நின்றது அமெரிக்க செஸ்ட்நட். ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய் 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலையில் கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் பெரிய மரங்கள் ஏறக்குறைய அனைத்தும் மடிந்தன. காலியான இடத்தைப் பல சரிவுகளில் ஓக்கும் ஹிக்கரியும் பிடித்தன. பழைய வேர்கள் இன்றும் துளிர்க்கின்றன. துளிர் கொஞ்சம் பருத்ததும் நோய் திரும்பவும் தாக்கும்.

● இப்போது ஓக்குக்கே ஆபத்து. காரணம், தீ இல்லாமை. பூர்வகுடிகள் மூட்டிய சிறு தீயில் மெல்லிய பட்டையுள்ள மேப்பிள் கன்றுகள் கருகும். ஓக் கன்று எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி தழைக்கும். 20ஆம் நூற்றாண்டில் தீயைத் தடுத்ததும் மேப்பிள் பெருகி நிழல் கூடியது. வெளிச்சம் தேடும் ஓக் கன்றுகள் நலிந்தன. அதனால் மிசௌரியின் மார்க் ட்வைன் தேசிய வனத்தில் வனத்துறையே திட்டமிட்டுத் தீ வைக்கிறது.