வாலாட்டி விடைபெறும் காலம்

பெரும்பொழுதை ஆறாக வகுத்த நம் முன்னோர், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனிலுக்கும் உரியனவாக்கினர். பனி உருகும் வடநாடுகளிற் பறவைகள் வந்து சேர்வது வேனிலின் வரவுக்கு அறிகுறி. நம் மலைநாட்டிலோ அவை விடைபெறுவதே அறிகுறி. இதனை நான் நூலிற் கற்கவில்லை. நமுனுகுல மலையிற் கற்றேன்.

ஒன்பது குன்றுகள் எனச் சிங்களத்திற் பொருள்படும் பெயருடைய இம்மலை 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சாரலெங்கும் தேயிலை, அதற்குமேல் காடு. சென்ற பங்குனியில் மாணவர் சிலருடன் விடியற்பொழுதில் ஏறினேன். தேயிலைக்கு நிழல்தரும் முள்முருக்குகள் செம்பூச் சொரிந்து நின்றன. காட்டோரத்துப் புதரிலிருந்து ஆறுமணிக்குருவி இருகாற் கூவி ஓய்ந்தது. சித்திரை கழியுமுன் அதுவும் கடல்கடந்து வடக்கே போய்விடும். மேலே மரக்கிளையில் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவிகள் ஆரவாரித்தன. ஈழத்து மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் வாழாதவை அவை, அவற்றுக்குப் பயணமில்லை.

ஓடைக்கல்லொன்றில் வாலாட்டி நின்றது. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், ஓயாது அசையும் நெடுவால். இமயச் சாரலிலும் அதற்கு வடக்கேயுள்ள நாடுகளிலும் கூடுகட்டும் இச்சிறுபுள், குளிருக்கு அஞ்சி இங்கே வருவது. வேனில் அணுகவே ஆண்குருவியின் மிடறு கருமை பூணும். அக்கருமை தொடங்கியிருந்ததை மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். "ஐயா, இது புறப்படப் போகிறது" என்றாள்.

அச்சொல் என்னை இளமைக்கு இழுத்துச் சென்றது. எனக்கு இக்குருவியை முதன்முதல் காட்டியவன் லயத்திலிருந்து பள்ளிக்கு வந்த தோழன். அவர்கள் நீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு ஆண்டுதோறும் ஒரு வாலாட்டி வரும். "இதே குருவிதான், புரட்டாதியில் வந்துவிடும்" என்பான். நான் நகைப்பேன். அவன் கூற்று மெய்யாயிருத்தல் கூடும்: காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர், வாலாட்டி தான் முன்பு தங்கிய இடத்துக்கே மீள்வதைக் கண்டிருக்கின்றனர்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1982இல் அவன் குடும்பமும் கப்பலேறிற்று. "நானும் வருவேன்" என்றான். குருவி வந்தது, அவன் வரவில்லை.

நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர், அதனை வடதிசை ஏகும் பறவையாகவே கண்டார். அச்செய்யுளைப் பல்லாண்டு கற்பித்தும், பறவையின் வழியில் மனிதர் துயரும் உடன்செல்வதை அன்றுதான் முழுதும் உணர்ந்தேன். கருப்பொருளை ஏட்டில் எழுதி மதிப்பெண் பெறும் மாணவர் அதனைக் கண்ணாலும் காணல் வேண்டும். கண்டாலன்றி உரிப்பொருள் நெஞ்சிற் பதியாது.

உச்சிக் காடு பிடித்துவைத்த மழையே ஓடையாகிப் பீலியில் விழுகின்றது. காடு அழியின் லயத்துக் குடத்துக்கும் நீரில்லை, வாலாட்டிக்கும் கல்லில்லை. போனவர் எல்லாரையும் நம்மால் மீட்க இயலாது. புரட்டாதியில் மீளும் அச்சிறுபுள்ளுக்கேனும் ஓடையில் நீர் இருக்கட்டும்.